அமாவாசை இன்னிக்கா, நாளைக்கா?

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டாலும் மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் தினசரிக் காலண்டர் தாளைப் படம் பிடித்துப் போட்டு ‘நாளைக்கு’ என்பார். ‘எங்க வாத்தியார் இன்னிக்கே தர்ப்பணம் பண்ணிடச் சொல்லிட்டாரே’ என்பார் மூன்றாவது மாடி மாமா. கோயிலுக்கு போன் போட்டுக் கேட்டவர் வேறொரு நேரம் சொல்வார். கடைசியில் யாராவது ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுப் பேச்சை முடித்துவைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

நிலா தெரியாத நாள் அமாவாசை. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பாட்டி சொன்னதும் பேய்ப் படத்தில் பார்த்ததும் கலந்துகட்டி வரும். இந்த நாளைக் காலண்டரில் ஒரு கறுப்பு வட்டமாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் கணக்கு, அப்புறம் ஊர் வழக்கம். கணக்கு பிடிபட்டுவிட்டால் வழக்கத்தில் பாதி தானாக விளங்கிவிடும்.

வானத்தில் என்ன நடக்கிறது

நிலா பூமியைச் சுற்றுகிறது. பூமியிலிருந்து பார்க்க, சூரியனும் ராசி ராசியாக நகர்வது போலத் தெரிகிறது. சூரியன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 பாகை நகர்ந்தால், நிலா 13 பாகை ஓடுகிறது. இப்படி ஓடும் நிலா, சூரியன் இருக்கும் திசையிலேயே வந்து நிற்கும் நேரம்தான் அமாவாசை. அப்போது நிலாவின் வெளிச்சம் பட்ட பக்கம் முழுக்கச் சூரியனைப் பார்த்து இருக்கும், நம் பக்கம் இருட்டு. போதாததற்கு, சூரியனோடு உதித்து சூரியனோடு மறைவதால் ராத்திரி வானத்திலேயே அது இருக்காது.

ஒரு சுவர்க்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய முள் நிலா, சின்ன முள் சூரியன். 12 மணிக்கு இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. ஒரு மணி நேரத்தில் பெரிய முள் முழுச் சுற்று சுற்றி 12க்கு வந்துவிடும். ஆனால் அதற்குள் சின்ன முள் 1க்கு நகர்ந்திருக்கும். பெரிய முள் இன்னும் கொஞ்சம் ஓடி, 1 மணி 5 நிமிடத்தைத் தாண்டித்தான் அதைப் பிடிக்கும். நிலாவும் அப்படித்தான். விட்ட நட்சத்திரத்துக்கே திரும்பி வர அதற்கு 27.3 நாள் போதும். ஆனால் நகர்ந்துபோன சூரியனைப் பிடிக்க 29.5 நாள் ஆகிறது. அமாவாசைக்கு அமாவாசை இருக்கும் இடைவெளி இதுதான்.

இனி திதி. நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் 0 பாகையிலிருந்து 360 பாகை வரை வளர்கிறது. அதை 12 பாகையாக வெட்டினால் 30 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு திதி. முதல் 15 வளர்பிறை, அடுத்த 15 தேய்பிறை. முப்பதாவது, அதாவது கடைசித் துண்டு, அமாவாசை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அமாவாசைத் திதி தொடங்கும்போது நிலா சூரியனுக்கு 12 பாகை பின்னால்தான் இருக்கிறது. இரண்டும் சேரும் கணத்தில் திதி முடிந்துவிடுகிறது. ஆகவே காலண்டரில் ‘அமாவாசை காலை 9.30 வரை’ என்று போட்டிருந்தால், வானியல்படி நிலாவும் சூரியனும் கூடும் நேரம் அந்த 9.30தான். நடுராத்திரி 12 மணிக்கு ஏதோ உச்சத்தில் நடக்கிறது என்பதெல்லாம் திரைக்கதை எழுதுகிறவர்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு.

நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓடும். அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடிந்தாலும் முடியும், 26 மணி நேரம் வரை இழுத்தாலும் இழுக்கும். தொடங்கும் நேரமும் காலை ஆறு மணி என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மத்தியானம் தொடங்கலாம், ராத்திரி பத்தே முக்காலுக்கும் தொடங்கலாம். நம் தேதியோ நள்ளிரவுக்கு நள்ளிரவு ஓடுகிறது. இரண்டும் எப்படி ஒன்றோடொன்று பொருந்தும்?

திங்கள் காலை 11 மணிக்கு அமாவாசை தொடங்கி, செவ்வாய் காலை 9.30க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் சூரிய உதயத்தின்போது அமாவாசை இருப்பதால் காலண்டரில் கறுப்பு வட்டம் செவ்வாய்க்கிழமைத் தாளில் விழும். பெரும்பாலான விரதங்களுக்கும் இந்த உதயக் கணக்குதான். முன்னோர்க்கான காரியத்துக்குப் பார்ப்பது அபரான்னம் என்ற பிற்பகல் வேளையை. பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு அது. ஆறுக்கு ஆறு பகல் என்றால் மத்தியானம் 1.12லிருந்து 3.36 வரை. செவ்வாய் மத்தியானம் அமாவாசை முடிந்து, அடுத்த திதியான பிரதமை வந்துவிட்டது. திங்கள் மத்தியானம்தான் அமாவாசை இருக்கிறது. ஆகவே தர்ப்பணம் திங்கள், காலண்டர் செவ்வாய். மூன்றாவது மாடி மாமாவும் காலண்டர்காரரும் சண்டை போட வேண்டியதில்லை.

நுங்கம்பாக்கத்தில் ஒரு பஞ்சாங்க வழக்கு

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ஊரில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் ஓடுவது. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். பாம்புப் பஞ்சாங்கம் என்று எல்லாப் பூஜைச் சாமான் கடையிலும் தொங்குவது வாக்கிய வகை. இரண்டுக்கும் திதி நேரத்தில் சில மணி வரை வித்தியாசம் வரும்.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை கேட்கவே அழகாக இருக்கும். 248 சின்னச் சின்ன வாக்கியங்கள். வரருசி செய்தவை என்பது மரபு. எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு நாளைக்கான நிலாவின் இடத்தைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்துகொண்டால் ஏடும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நிலா பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வருவதை ஒரு சுற்று என்றால், அப்படி ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட 248 நாள். அங்கிருந்து வந்த எண் இது.

இது எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பிலிருந்த ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்ப்பாடுகளைச் சொல்லிச் சொல்லிச் சோழியை நகர்த்தியே 1825ஆம் ஆண்டு மே கடைசி இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. சோழியையும் ஞாபகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு! எனக்கு அந்த 52 நிமிடத்தைவிட 4 நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் பிசகு பிசகுதான். பழைய வாய்ப்பாட்டை நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே ஓட்டினால் வானம் ஒரு பக்கமும் ஏடு ஒரு பக்கமும் போகும். இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் நம்மூர்க்காரர் ஒருவர். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இன்றைக்கு வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் கட்டிய சென்னை வானாய்வகம் இருந்தது. புயல் சமயத்தில் டிவி கேமராக்கள் வரிசை கட்டி நிற்குமே, அதே இடம். பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். இரவெல்லாம் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்த்தவருக்கு, மறுநாள் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் இடத்தில் கிரகம் இல்லை என்றால் சும்மா இருக்க முடியுமா? பஞ்சாங்கக் கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். இன்று திருக்கணிதம் என்று நாம் சொல்வது அந்தக் கட்சிதான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கோயில்கள் பலவும் வாக்கியத்தை விடவில்லை. வீட்டில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே பின்பற்றிக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் வழி. கிரகணம் பார்க்கக் கண்ணாடியோடு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போகிறவர்கள் மட்டும் திருக்கணிதத்தை நம்புவது நல்லது.

கிரகணம் என்றதும் ஒன்று. சூரிய கிரகணம் அமாவாசை அன்று மட்டும்தான் வரும், நிலா நடுவில் வந்து மறைக்க வேண்டுமே. அப்படியானால் மாதாமாதம் ஏன் வருவதில்லை? நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும். 1868 ஆகஸ்ட் 18 அமாவாசையில் நழுவவில்லை. ஆந்திரக் கரையில் முழு கிரகணம். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், பிரான்ஸிலிருந்து வந்த ஜான்சென் குண்டூருக்கும் போய்ப் பார்த்தார்கள். அன்று சூரியனைச் சுற்றித் தெரிந்த ஒளியை அலசியதில் கிடைத்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்ற தனிமத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அமாவாசைக்கு ஆகாத காரியம் என்று எதையாவது சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

தென்புலத்தார்

முன்னோரை நினைப்பது தமிழ் மண்ணில் அமாவாசைப் பஞ்சாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், போருக்கு முன்னால் யார் யாரெல்லாம் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அறிவிப்பார்கள். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள். அவர்களோடு, ‘தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும்’ பிள்ளைகளைப் பெறாதவர்களும் உண்டு. கடன் செய்ய ஆள் இல்லாமல் செத்துவிடக் கூடாது என்ற கவலை அது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரை வரிசைப்படுத்தும் வள்ளுவரும் தென்புலத்தாரில்தான் தொடங்குகிறார், தெய்வம் அதற்கு அடுத்துதான். இரண்டிலும் அமாவாசை என்ற பேச்சே இல்லை. திசையும் கடனும் மட்டும் உண்டு. மாதாமாதம் இந்த நாளில் என்ற ஏற்பாடு வடமொழி மரபோடு வந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு இப்போது எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தெடுக்க முடியாது.

தர்ப்பணம் என்பதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளக்கரைக்கு ஆடி அமாவாசைக் காலையில் போனால் போதும். ஒரு சாஸ்திரிகளைச் சுற்றிப் பத்திருபது பேர் சம்மணம் போட்டிருப்பார்கள். ஒரு கோஷ்டி எழுந்தால் அடுத்த கோஷ்டி உட்காரும். ஆளுக்கொரு வாழை இலைத் துண்டு, அதில் கறுப்பு எள், பச்சரிசி, வாழைக்காய். மோதிர விரலில் தர்ப்பைப் புல்லை முறுக்கிய பவித்திரம். முகம் தெற்கே. சாஸ்திரிகள் ‘உங்க அப்பா பேரைச் சொல்லுங்கோ, தாத்தா பேரு, கொள்ளுத்தாத்தா பேரு’ என்பார். எள்ளைக் கையில் எடுத்துத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிட வேண்டும். தெய்வத்துக்கு விடும் தண்ணீர் விரல் நுனி வழியாகப் போகும், முன்னோர்க்கு மட்டும் இந்தப் பக்கவாட்டு வழி. அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை. கொள்ளுத்தாத்தா பெயரில் நிறையப் பேர் திணறுவார்கள். பின்வரிசையில் ஒருவர் போனை எடுத்து ஊரில் இருக்கும் அக்காவைக் கேட்பதைப் பார்க்கலாம். பெயர் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது, சாஸ்திரிகள் பொதுவான ஒரு பெயரைச் சொல்லி நகர்த்திவிடுவார்.

அப்பா உயிரோடு இருப்பவர் இதைச் செய்வதில்லை. இது எல்லோருக்குமான ஒரே முறையும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் மந்திரம் இல்லாத படையல்தான். குளித்துவிட்டுச் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததை வைத்து, சூடம் காட்டி, முதல் உருண்டையைக் காக்காய்க்கு வைப்பது. காக்காய் வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. அடுக்குமாடியில் இதுவே ஒரு பாடு. மொட்டை மாடிச் சாவி செகரட்டரியிடம் இருக்கும். சன்னல் கம்பிக்கு வெளியே வைத்தால் புறா முந்திக்கொள்ளும். புறாவில் பித்ருக்கள் வருவார்களா என்பதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் விடை இல்லை.

சமையலுக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. வெங்காயம், பூண்டு கிடையாது. கேரட், பீன்ஸ், கோஸ் போன்ற ‘இங்கிலீஷ் காய்’ கிடையாது. வாழைக்காய், பூசணி, புடலை, அவரை, பாகற்காய், பாசிப்பருப்பு எல்லாம் நாட்டுச் சரக்கு. பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரை. காரியம் முடியும்வரை வாசலில் கோலம் போடுவதில்லை. தெருவில் கோலமில்லாத வாசலைப் பார்த்தே இன்று அமாவாசை என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஊரும் கடையும்

நாள் நெருங்கினால் வாழைக்காயும் அகத்திக்கீரையும் விலை ஏறும், கறிக்கடையில் கூட்டம் குறையும். ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் ஒன்றாக வந்துவிட்டால் கறிக்கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். கொத்தனார், தச்சர், நெசவாளர் போன்ற தொழில்காரர்களுக்குப் பல இடங்களில் அமாவாசை லீவு என்பது எழுதாத சட்டம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதே நாளில்தான் புதுக்கடை திறப்பு, புதுவண்டி டெலிவரி, கடைக்கு அட்வான்ஸ். தெலுங்கு, கன்னட நண்பர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவர்கள் பக்கம் அமாவாசை என்றால் எதையும் தொடங்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலோ ‘நிறைஞ்ச அமாவாசை’. சூரியனும் சந்திரனும் சேரும் நாள், முன்னோர் ஆசி கூடவே வரும் நாள் என்று காரணம் சொல்வார்கள். அப்படியே கல்யாணம் வைப்பீர்களா என்றால் மாட்டோம். அடுத்த நாளான பிரதமை மட்டும் எதற்கும் ஆகாது. இருட்டு நாள் நல்லது, நிலா முளைக்கத் தொடங்கும் நாள் ஆகாது என்பதற்கு நேரான தர்க்கம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. வழக்கம் முதலில் வந்திருக்கும், காரணம் பின்னால் சேர்ந்திருக்கும்.

சாயங்காலம் கடை வாசலில் பூசணிக்காய் சுற்றுவார்கள். உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே சூடம் ஏற்றி, கடையைச் சுற்றிக் காட்டி, நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். திருஷ்டி போகிறதோ இல்லையோ, ராத்திரி எட்டு மணிக்கு அந்த வழியாக வரும் டூவீலர் சறுக்குகிறது. உடைக்கட்டும், ஆனால் ஓரமாக உடைத்து, உடைத்த கையோடு அள்ளிப் போட்டால் என்ன? இதைச் சொன்னால் சாமி குத்தம் என்கிறார்கள்.

ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால் அமாவாசைக்கென்றே ஒரு ஊர் இருக்கிறது. சென்ட்ரலில் அரக்கோணம் மார்க்க மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், திருவள்ளூர். வைத்திய வீரராகவர் என்று பெயர் வாங்கிய பெருமாள். தை அமாவாசை நாளில் சாலிஹோத்திர முனிவர் விருந்துக்குக் காத்திருக்க, கிழவர் வேடத்தில் பெருமாள் வந்து சாப்பிட்டுவிட்டு எங்கே படுப்பது என்று கேட்டார் என்பது தலபுராணம். அமாவாசைக்கு முந்தின ராத்திரியே வந்து கோயிலைச் சுற்றித் துண்டை விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். விடிந்ததும் ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல வியாதி கரைய வேண்டும் என்று வேண்டுதல். உப்பும் மிளகும்கூடப் போடுவார்கள். அன்றைய ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஒரு அருள்.

அம்மன் பக்தர்களின் கூட்டம் வேறு பக்கம் போகும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஒவ்வொரு அமாவாசை நள்ளிரவும் ஊஞ்சல் உற்சவம், அதற்குச் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசையில் வடசென்னையில் மயானக் கொள்ளை என்ற சுடுகாட்டுத் திருவிழா.

மெரினாவில் அமாவாசைக்கு அலை அதிகமா என்று கேட்பார்கள். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் இறக்கமும் கூடுவது உண்மை. பௌர்ணமியிலும் அதேதான். ஆனால் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான், அதற்கும் அமாவாசை கழிந்து ஓரிரு நாள் ஆகலாம். சுண்டல் சாப்பிட வந்தவர் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது.

இந்த ஊரில் அமாவாசைக்குப் பிந்தின மாலையை இன்னொரு கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும். ரமலான் பிறை அதுதானே. நிலா சூரியனை விட்டு விலகி, மேற்கு வானத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர ஒன்றிரண்டு நாள் வேண்டும். தலைமைக் காஜியின் அறிவிப்புக்காக ராயப்பேட்டையும் திருவல்லிக்கேணியும் காத்திருக்கும் அந்த மாலைக்கும், பார்த்தசாரதி கோயில் குளக்கரையில் எள் விட்ட காலைக்கும் நடுவே வானத்தில் சில பாகைதான் தூரம்.

ஆடி, புரட்டாசி, தை

மாதாமாதம் முடியாதவர்கள் இந்த மூன்றையாவது விடாமல் செய்வார்கள். ஆடியில் தட்சிணாயனம் தொடங்குகிறது, தையில் உத்தராயணம். இரண்டின் முதல் அமாவாசை என்பதால் அவற்றுக்கு மவுசு. புரட்டாசியில் வருவது மகாளய அமாவாசை. அதற்கு முந்தைய தேய்பிறை முழுவதும் முன்னோர் பூமிக்கு வந்து தங்குவதாக நம்பிக்கை. மறுநாள் நவராத்திரி தொடங்கிவிடும், ஆகவே அமாவாசை அன்றே கொலுப்படியில் ஒரு பொம்மையை எடுத்து வைத்துவிடுவார்கள். காலையில் எள், சாயங்காலம் மரப்பாச்சி.

தை அமாவாசை என்றால் திருக்கடையூர் அபிராமி பட்டர் நினைவுக்கு வருவார். இன்று என்ன திதி என்று சரபோஜி மன்னர் கேட்க, தியானத்தில் இருந்தவர் பௌர்ணமி என்று சொல்லிவிட, அம்பாள் தன் தோட்டை வீசி நிலாவாக்கிக் காட்டினாள் என்பது கதை. திதியைத் தப்பாகச் சொல்லிப் புகழ்பெற்றவர் அவர் ஒருவர்தான்.

தீபாவளியையும் சொல்ல வேண்டும். தமிழர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, அமாவாசைக்கு முந்தின திதியான சதுர்த்தசியின் விடியற்காலையில். வடக்கத்தியர் லட்சுமி பூஜை செய்வது அமாவாசையின் மாலையில். 2024 அக்டோபர் 31 அன்று அமாவாசை பிற்பகல் நாலு மணிக்குச் சற்று முன்புதான் பிறந்தது. மாம்பலத்தில் காலையிலேயே பட்சணம் தீர்ந்துபோன தீபாவளி, சௌகார்பேட்டையில் இருட்டிய பிறகுதான் தொடங்கியது. ஒரே தேதி, இரண்டு திதி.

அடுத்த வருஷம் எப்போது

தமிழ் மாதம் சூரியக் கணக்கு, அமாவாசை நிலாக் கணக்கு. 12 அமாவாசைக்கு 354 நாள், சூரிய வருஷத்துக்கு 365. ஆகவே ஒவ்வொரு வருஷமும் அமாவாசை 11 நாள் போல முன்னால் வரும். அப்படி வந்துகொண்டே இருந்தால் சில சமயம் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை விழும். அதை மல மாதம் என்று ஒதுக்கி, சுபகாரியம் வைக்காமல் விடுவார்கள். 2023இல் ஆடிக்கே அது நேர்ந்தது. ஜூலை 17, அதாவது ஆடி முதல் நாளே ஒரு அமாவாசை, ஆகஸ்ட் 16 ஆடி 31இல் இன்னொன்று. எதை ஆடி அமாவாசையாக எடுத்துக்கொள்வது என்று ஊரே கேட்டது. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள்.

பஞ்சாங்கம் கையில் இல்லாதபோது நீங்களே குத்துமதிப்பாகக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். போன வருஷத் தேதியிலிருந்து 11 கழியுங்கள். கழித்தது மாதத்துக்கு முன்னால் போய்விட்டால், கழிப்பதற்குப் பதில் 19 கூட்டுங்கள். ஒரு நாள் முன்பின் ஆகலாம். 2023 ஆகஸ்ட் 16இலிருந்து 11 போனால் 5, ஆனால் 2024இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. அதிலிருந்து 11 போனால் ஜூலை 24, 2025இல் அதே தேதிதான். மறுபடி 11 கழித்தால் ஜூலை 13, ஆடியே பிறந்திருக்காது. ஆகவே 19 கூட்ட வேண்டும். ஆகஸ்ட் 12 வருகிறது. 2026இன் ஆடி அமாவாசை அதுதான். ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் முழுச் சூரிய கிரகணம் தெரியும் தேதியும் அதுவே. சென்னையில் அப்போது ராத்திரி பதினொரு மணி, சூரியன் இருக்கப்போவதில்லை. நமக்கு அன்றைக்கு வாழைக்காய்ப் பொரியலும் வடை பாயசமும் மட்டும்தான்.